487828

பிப்ரவரி 11
செய்முறைத் தேர்வு முடிந்தது. எனக்கு விழுந்தது பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட். பியூரெட்டில் பர்மாங்கனேட். மற்ற கரைசலுக்கெல்லாம் கீழ் வளைவு, இதற்கு மட்டும் மேல் வளைவைப் பார்க்கணும். அத்தனை அடர் ஊதா. முதல் தடவை அவசரத்தில் திருகிவிட்டேன், குடுவை முழுக்க ரோஸ். அடுத்த இரண்டும் 12.4. எக்ஸ்டர்னல் ஒன்றும் சொல்லாமல் டீயை எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 12
விரலில் பழுப்புக் கறை. எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள் ஆயா. போய்விட்டது. அப்பா கைக்கும் ஒரு மூடி வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எரிகிறது என்று இழுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 15
குரோமைட் தாதுவிலிருந்து டைகுரோமேட். முதல் சமன்பாடே தகராறு. தாது 4, சோடியம் கார்பனேட் 8, ஆக்சிஜன் 7. அந்தப் பக்கம் 8, 2, 8. போன் நம்பர் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். 487828.

பிப்ரவரி 16
கரண்ட் இல்லை. 487828.

பிப்ரவரி 20
அணைவுச் சேர்மங்கள் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. வெர்னர் 1913-இல் நோபல் வாங்கினார், சரி, எனக்கு எப்போது புரியும்? சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து உட்கார்ந்தார். குரோமியம் என்ற சொல் காதில் விழுந்திருக்கும். "எங்க டிரம்முல போடுறதும் குரோம்தான் கண்ணு. பச்சைப் பவுடர். தோலு நீலமா வரும்." பதம் வந்ததா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிஷம் போடுவார்களாம். சுருங்கினால் திரும்ப டிரம்முக்குப் போக வேண்டியதுதான். அவர் தூங்கப்போன பிறகுதான் தோன்றியது: தோலில் இருப்பது கொலாஜன், அதன் கார்பாக்சில் தொகுதிகளைக் குரோமியம் பிடித்துக்கொள்கிறது. அப்படியானால் அதுவும் ஈனிதானே, அணைவுச் சேர்மத்தில் நடு உலோகத்தோடு சேர்ந்து நிற்கிற தொகுதி! பாடம் முழுவதையும் பதினோரு மணிக்குள் முடித்தேன். இதையெல்லாம் புத்தகத்தில் போட்டால் என்னவாம்.

பிப்ரவரி 22
அப்பா வேலைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 24
வேலூர். ராணிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். டோக்கன் 61. வரிசையில் உட்கார்ந்து பி தொகுதி ஒரு மார்க் எல்லாம் முடித்தேன். தோல் டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். "தோல் வேலை" என்றார் அப்பா. இரண்டு பேரும் சிரித்தார்கள். கையுறை போடுவீங்களா என்றதும் அப்பா என்னைப் பார்த்தார். உள்ளங்கை வெடிப்பில் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். களிம்பு, மாத்திரை, ஒரு மாதம் குரோமைத் தொடக் கூடாது. ஒரு மாதமா!

பிப்ரவரி 25
டிரம்மில் போடுவது குரோமியம் +3. அது அவ்வளவு மோசமில்லை, மோசமானது +6, குரோமேட்டில் மஞ்சளாக இருப்பது. ஆனாலும் மூடிக் கிடக்கிற அந்தப் பழைய கம்பெனிப் பக்கம் மழைக்குத் தேங்கும் மஞ்சள் தண்ணீரை இனி வேறு மாதிரிதான் பார்ப்பேன். அமிலம் விட்டால் ஆரஞ்சு, காரம் விட்டால் மறுபடி மஞ்சள். ஐந்து மார்க்.

மார்ச் 1
ரிவிஷன் 58/70. கட்டாயக் கேள்வி 33 போச்சு. வேகவியல் கணக்கு, மடக்கையில் தப்பு. அம்மாவிடம் 61 என்று சொல்லிவிட்டேன். (டோக்கன் நம்பர். எப்படி வாயில் வந்ததோ.)

மார்ச் 4
487828.

மார்ச் 6
காலையில் எழுந்து பார்த்தால் அப்பாவின் சைக்கிள் இல்லை. களிம்பு டியூப் ஜன்னல் மேல் இருக்கிறது. பத்து நாள்தான் ஆகிறது. அம்மாவைக் கேட்டால், நீ படி என்கிறாள்.