அம்மாவின் கன்னத்தில் இருந்த வெள்ளைத் திட்டு

அம்மாவுக்கு வயசுப் பெண்ணாக இருந்ததிலிருந்தே வெற்றிலைப் பழக்கம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை எல்லாம் மென்று இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். கொஞ்ச நாளாக ரசம் பட்டாலே வாய் காந்துகிறது என்றார். கொட்டாவி விடும்போது வாயும் முழுசாகத் திறக்கவில்லை.

செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். சரியாக அந்த இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. அதன் ஓரத்தில் சிவப்பு. "வலிக்கவே இல்லையே, எதுக்கு டாக்டர்?" என்பதுதான் அம்மாவின் வாதம். எனக்கு வாய்ப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயம். அது ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. பலர் தாமதமாக வருவதற்குக் காரணமே அதுதான்.

பல் மருத்துவர் திட்டைப் பஞ்சுத் துணியால் துடைத்துப் பார்த்தார். பூஞ்சைத் தொற்றாக இருந்தால் பெரும்பாலும் வழித்தெடுக்க வரும், இது வரவில்லை. தாடைக்குக் கீழும் கழுத்திலும் கட்டி இருக்கிறதா என்று விரலால் அழுத்தித் தடவினார். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொன்னார். அம்மாவுக்கு இரண்டுதான் நுழைந்தது. உரசிக்கொண்டிருந்த பல்லின் கூர்மையை ராவிவிட்டு, வெற்றிலையை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். திட்டு அப்படியே இருந்தது. அப்புறம்தான் பயாப்சி, அதாவது துளி சதை எடுத்துச் சோதிப்பது.

"கத்தி பட்டா பரவிடும்" என்று பெரியம்மா பயமுறுத்தினார். பயாப்சியால் பரவாது, எடுக்காமல் விட்டால்தான் ஆபத்து என்று மருத்துவர் அம்மாவிடமே பொறுமையாகச் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு, சிவந்த ஓரத்திலிருந்து அரிசி அளவு சதை எடுத்துத் தையல் போட்டார். அன்றைக்கு ஆறிய கஞ்சிதான் சாப்பாடு.

முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. புற்றுநோய் இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, டிஸ்பிளேசியா என்கிறார்கள். திட்டை வெட்டி எடுத்தார்கள். தொடர்ந்து பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

புகையிலையை மட்டும் விட்டுவிட்டுப் பாக்கு போடலாமா என்று அம்மா கேட்டார். கூடவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது. வாய் இறுகுவதற்கும் பாக்குதான் முக்கியக் காரணம். அந்த இறுக்கம் பழக்கத்தை விட்டாலும் தானாகச் சரியாகாது. அம்மா தினமும் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்துப் பயிற்சி செய்கிறார்.

இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், நாக்கில் மரத்த உணர்வு, ஒரு பக்கக் காது வலி, கழுத்தில் கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வாயைப் பரிசோதிக்கிறார்கள். செலவு கிடையாது.