கொட்டகலைக் காம்பராவில் ஓவியர் இளையராஜா வரைந்த பெண்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து நானுஓயா வரைக்கும் பார்த்த ஹோட்டல் சுவர்களிலும் தேயிலைக் கடைகளிலும் மலையகப் பெண்ணுக்கு ஒரே உருவம்தான். முதுகில் கூடை, கையில் கொழுந்து, பின்னால் பச்சை மலை. அவள் வீட்டுக்குள் இருக்கிற படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தோழியின் மாமி வீட்டில் வேறொன்று பார்த்தேன். ஓவியர் இளையராஜாவின் படம். ஏதோ வார இதழிலிருந்து வெட்டி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். அரை இருட்டான பழைய வீடு, கதவோரம் உட்கார்ந்திருக்கும் கறுத்த பெண், கன்னத்திலும் தோளிலும் மட்டும் வெளிச்சம். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் அவர். 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோனபோது நாற்பதைத் தாண்டிச் சில வருஷம்தான். போட்டோவா ஓவியமா என்று பார்ப்பவர் திகைக்கும்படி வரைந்தவர். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கறுத்த தோலில் வெளிச்சம் எப்படி விழும் என்பதை அவ்வளவு அன்போடு பார்த்தது.

"எங்க அம்மாயி சின்ன வயசுல இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் மாமி. அவருடைய முன்னோர் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம்.

அந்தப் படம் அங்கே பொருந்திப்போனதற்குக் காரணம் அந்த வீடுதான். வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பரா, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்று, பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஜன்னலே வைக்காமல் கட்டியது. வாசல் வழியாக வருகிறதுதான் வெளிச்சம். அடுப்படிக் கூரைத் தகரம் விறகுப் புகையில் கறுத்துக் கிடக்கிறது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்தபோது, வாசல் வெளிச்சம் முகத்தின் ஒரு பாதியில் விழுந்தது. சுவரில் இருந்தவள் மேல் விழுந்த அதே வெளிச்சம்.

அப்புறம் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், பால் விடாத பிளேன்டி குடிக்கும்போது, "உங்களை யாராவது வரைஞ்சா எப்படி வரையணும் மாமி?" என்று கேட்டேன்.

"கூடையோட வேணாம் புள்ள. அதுதான் தெனம் சுமக்கிறோமே. மலையிலிருந்து வந்து, மேல் கழுவி, நல்ல சேலை கட்டி அடுப்படியில குந்தியிருப்பேன்ல, அந்த மாதிரி."

ஹட்டனிலோ பதுளையிலோ ஓவியம் பழகும் தம்பி, தங்கைகள் இதைப் படித்தால், தயவுசெய்து உங்கள் அம்மாவை, அம்மாயியை அடுப்படியில் உட்காரவைத்து வரையுங்கள். பெரிய துணியில், எண்ணெய் வர்ணத்தில். அதை அந்த ஹோட்டல் சுவர்களில் நான் பார்க்க வேண்டும்.