ப்ரீசெட் எதையும் அழிப்பதில்லை

சோதனைக்கான சிக்னலை உருவாக்கித் தரும் சிக்னல் ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்கு ஆய்வகத்துக்கு வந்தது. வழக்கம்போல ப்ரீசெட்டை அழுத்திவிட்டு, எங்கள் அமைப்பைச் சேமிக்கக் காலி இடம் தேடி ரெஜிஸ்டர்கள் எனும் சேமிப்பு இடங்களை ஒவ்வொன்றாக ரீகால் செய்து, அதாவது திரும்ப வரவழைத்துப் பார்த்தேன். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. முன்பு பயன்படுத்தியவர்களின் அதிர்வெண், பவர் அளவு, பல்ஸ் அகலம் எல்லாம் அப்படியே இருந்தன. கூடவே, ‘இரண்டாவது மாதிரி, மறுபடி அளக்க வேண்டும்’ என்று யாரோ தனக்காக எழுதி வைத்த குறிப்பு. கருவியைத் தந்தவர்களிடம் உடனே சொல்லிவிட்டோம். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கேலிப்ரேஷனுக்கு (துல்லியச் சரிபார்ப்புக்கு) அனுப்பிய கருவிகளில் என்னவெல்லாம் போயிருக்கும்?

ப்ரீசெட் கருவியைத் தெரிந்த ஒரு தொடக்க நிலைக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். கணினியிலிருந்து அனுப்பும் ஆர்எஸ்டி (ரீசெட்) கட்டளையும் அப்படித்தான். இத்தகைய கட்டளைகளை வகுக்கும் ஐஇஇஇ 488.2 தரநிலைப்படி அது ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் பஸ்) முகவரியையோ கேலிப்ரேஷன் தரவையோ தொடக்கூடாது. நாம் சேமித்து வைத்தவையும் பொதுவாக அங்கேயே இருக்கும். சரி, பவரை அணைத்தால்? சாதாரண ரேமில் உள்ளது போய்விடும். பேட்டரியோடு இருக்கும் எஸ்ரேம் (ஒருவகை ரேம்), ஃப்ளாஷ் மெமரி, ஹார்ட் டிஸ்க் இவற்றில் உள்ளது போகாது.

இதில் ஃப்ளாஷ்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், அதே ஃபைலைப் புதுப்பித்தாலும் வேறு இடத்தில்தான் பெரும்பாலும் எழுதப்படும். பழைய நகல் பழைய இடத்திலேயே தங்கியிருக்கலாம். ஃபைலை டெலீட் செய்வதும் மேலே வேறொன்றை எழுதுவதும் அதனால்தான் போதாது. செக்யூரிட்டி மெனுவில் உள்ள முழு அழிப்பைத்தான் ஓடவிட வேண்டும். எந்த மெமரியில் எது தங்கும், அதை எப்படி அழிப்பது என்று பல தயாரிப்பாளர்கள் தனி ஆவணமே தருகிறார்கள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் தொடங்குவேன். நேரம் எடுக்கும், பாதியில் பவரை அணைக்கக் கூடாது.

அழிக்கும் முன் ஜிபிஐபி முகவரி, ஐபி முகவரி, அதிர்வெண்ணுக்கு அடிப்படையான 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் சிக்னல் உள்ளிருந்தா வெளியிலிருந்தா என்பதை நோட்டில் எழுதிக்கொள்வேன். பவர் ஆன் அமைப்பையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ‘கடைசி நிலை’ என்று வைத்திருந்தால், கருவி நேற்றைய பவர் அளவோடே எழுந்து நிற்கக்கூடும். அவுட்புட்டும் ஆனாக இருந்து, கேபிளின் மறுமுனையில் ரிசீவரும் இருந்தால் அதன் முன்பகுதி எரிந்துபோகலாம். பொதுவில் பயன்படும் கருவி என்றால் நான் ப்ரீசெட்டிலேயே வைப்பேன்.

இப்போது கருவியைப் பெட்டியில் வைக்கும் முன், முதல் ரெஜிஸ்டரிலிருந்து கடைசி வரை ரீகால் செய்து பார்க்கிறேன். எல்லாம் காலி என்று வந்த பிறகுதான் டேப் ஒட்டுவேன்.