எச்-இண்டெக்ஸ வச்சு ஹார்டுவேர்காரங்கள எடை போடலாமா

ஒரு ஆராய்ச்சியாளரோட கூகுள் ஸ்காலர் பக்கத்த தெறந்தா ஓரத்துல ஒரு குட்டி டேபிள் இருக்கும்ல, மொத்த சைட்டேஷன் (அவரோட பேப்பர்கள மத்த பேப்பர்கள்ல எத்தன தடவ மேற்கோள் காட்டிருக்காங்கங்கறது), எச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (பத்து தடவையாவது சைட் ஆன பேப்பர் எத்தனைங்கறது), அவ்ளோதான். பிஎச்டிக்கு கைடு தேடுறவங்கள்ல ஆரம்பிச்சு வேலைக்கு ஆள் எடுக்குற கமிட்டி வரைக்கும் எல்லாருக்கும் கண்ணு மொதல்ல போறது அங்கதான், எனக்கும் அப்படித்தான். ஆனா கம்ப்யூட்டர் ஹார்டுவேர் பக்கம், அதுலயும் ஆர்கிடெக்சர் (பிராசஸர், மெமரியெல்லாம் எப்படி கட்டமைக்கணும்னு பாக்குற துறை) ஆளுங்க விஷயத்துல, அந்த டேபிள் காட்டுறத விட மறைக்குறதுதான் ஜாஸ்திங்கறது என் கட்சி.

எச்-இண்டெக்ஸ்ங்கறது 2005ல ஹிர்ஷ்னு ஒரு பிசிக்ஸ்காரர் சொன்ன கணக்கு. ஒருத்தருக்கு எச் 20னா, அவரோட 20 பேப்பர் ஒவ்வொண்ணும் கொறஞ்சது 20 தடவ சைட் ஆகியிருக்குனு அர்த்தம். அதுல ஒரு பேப்பர் பத்தாயிரம் தடவ சைட் ஆனாலும் எச்சுக்கு அது ஒண்ணே ஒண்ணுதான். சரி, இப்ப மெஷின் லேர்னிங் ஆளோட எச்சையும் ஆர்கிடெக்சர் ஆளோட எச்சையும் பக்கத்துல வச்சு பாக்குறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பே. மெஷின் லேர்னிங்ல பேப்பர் எழுதுற கூட்டமே பல மடங்கு பெருசு, சைட் பண்ற கை அதிகம், நம்பர் ஏறத்தான் செய்யும்.

இன்னொண்ணு, இங்க நல்ல வேலையெல்லாம் ஜர்னலுக்கு போகாது, கான்ஃபரன்ஸுக்குத்தான் போகும். இஸ்கா (1973லேர்ந்து நடக்குது), மைக்ரோ, எச்பிசிஏ, ஆஸ்ப்லாஸ், இந்த நாலுல ஒரு பேப்பர் போடுறதுக்கே ஆளுங்க வருஷக்கணக்கா மண்டைய ஒடச்சுப்பாங்க. மத்த துறை ஆளுங்க கமிட்டில உக்காந்து "இம்பாக்ட் ஃபேக்டர் எவ்ளோ"னு கேட்டா என்னத்த சொல்றது, அது ஒரு ஜர்னல்ல வர்ற பேப்பர் சராசரியா எத்தன தடவ சைட் ஆகுதுன்னு ஜர்னலுக்கு போடுற கணக்காச்சே.

எது அதிகமா சைட் ஆகுதுன்னு பாத்தா இன்னும் வேடிக்கையா இருக்கும். ஜெம்5ங்கற சிமுலேட்டர் (சிப்ப நெஜமா செய்யாம சாஃப்ட்வேர்லயே ஓட்டிப் பாக்குற கருவி) பேப்பர எடுத்துக்கோங்க, 2011ல வந்தது, பல ஆயிரம் சைட்டேஷன். அது வந்த எடம் மேல சொன்ன நாலு கான்ஃபரன்ஸும் இல்ல, கம்ப்யூட்டர் ஆர்கிடெக்சர் நியூஸ்னு ஒரு நியூஸ்லெட்டர். புது சிப் ஐடியாவ செஞ்சு பாக்க காசு ஆகும், அதனால எல்லாரும் சிமுலேட்டர்லதான் ஓட்டுவாங்க, ஓட்டுனவங்க எல்லாம் "ஜெம்5ல பண்ணோம்"னு ஒரு வரி போட்டு சைட் பண்ணியாகணும். நான் இத கொறையா சொல்லல, அத எழுதி பராமரிக்குறது ஒரு பேய் வேலை, அதுக்கு மரியாத வேணும்தான். ஆனா அந்த சைட்டேஷன் சொல்றது "யூஸ் பண்ணேன்", "இந்த ஐடியா என் யோசனைய மாத்திச்சு" இல்ல. ரெண்டும் டேபிள்ல ஒரே நம்பரா கூடிடுது.

ஜிஷேர்னு ஒரு பிராஞ்ச் பிரெடிக்டர் (புரோகிராம் அடுத்து எந்தப் பக்கம் பிரியும்னு பிராசஸர் முன்கூட்டியே ஊகிக்குற முறை) படிச்சிருப்பீங்க, கோர்ஸ்ல கண்டிப்பா வரும். மெக்ஃபார்லிங் 1993ல அத எழுதுனது டெக்ங்கற கம்ப்யூட்டர் கம்பெனியோட வெஸ்டர்ன் ரிசர்ச் லேப்ல ஒரு டெக்னிக்கல் நோட்டா, அதுவும் கான்ஃபரன்ஸ் பேப்பர் கெடையாது. கான்ஃபரன்ஸ் பேர மட்டும் பாத்து வடிகட்டுனா இந்த மாதிரி ஆளு வெளிய விழுந்துடுவாரு.

இதெல்லாம் விடுங்க, டொமாசுலோ கதைதான் எனக்கு ரொம்ப புடிக்கும். அவர் புரொபசர் இல்ல, ஐபிஎம் இன்ஜினியர், 360/91 மெஷினோட ஃப்ளோட்டிங் பாயிண்ட் யூனிட்டுக்காக (தசம எண் கணக்கு போடுற பகுதி) பண்ண ஐடியாவ, அதாவது கட்டளைகள எழுதுன வரிசைக்கு காத்திருக்காம டேட்டா தயாரானதும் ஓட்டுறத, 1967ல கம்பெனியோட சொந்த ஜர்னல்லயே எழுதுனாரு. அந்த ஐடியா டெஸ்க்டாப் பிராசஸருக்குள்ள பரவலா வந்ததே 90கள் நடுவுல, பென்டியம் ப்ரோ காலத்துலதான், ஆர்கிடெக்சர் துறையோட பெரிய விருதான எக்கர்ட்-மாக்லி அவார்டு அவருக்கு கெடச்சது 1997ல. 1975ல யாராவது அவரோட பப்ளிகேஷன் லிஸ்ட்ட பாத்து மார்க் போட்டிருந்தா என்ன போட்டிருப்பாங்க? கம்பெனிக்குள்ள உக்காந்து டிசைன் பண்றவங்க பல பேருக்கு பேடண்ட் இருக்கும், பேப்பர் இருக்காது, சிப் நம்ம பையில ஓடிட்டு இருக்கும்.

அதனால நான் யாரையாவது பாக்கணும்னா மொதல்ல டிபிஎல்பிக்கு (கம்ப்யூட்டர் துறை பேப்பர்களோட ஆன்லைன் பட்டியல்) போயிடுவேன், அங்க வருஷவாரியா எந்த கான்ஃபரன்ஸ்ல என்ன பேப்பர்னு வரிசையா கெடக்கும், எந்த வருஷம் டாபிக் மாறுச்சுன்னு தெரியும். அப்புறம்தான் ஸ்காலர், அதுலயும் எவ்ளோன்னு பாக்காம யாரு சைட் பண்ணிருக்காங்கன்னு க்ளிக் பண்ணி பாப்பேன். 2014 இஸ்கால வந்த ரோஹேமர் பேப்பர் நல்ல உதாரணம். ஒரு டீரேம் (கம்ப்யூட்டரோட மெயின் மெமரி) வரிசைய திரும்பத் திரும்ப தொட்டா பக்கத்து வரிசைல பிட் மாறிடுதுன்னு காட்டுன மெமரி பேப்பர் அது, 2015ல கூகுள்ல பாதுகாப்பு ஓட்டைகள தேடுற டீமான ப்ராஜெக்ட் ஜீரோ ஆளுங்க அத வச்சு கர்னல் ப்ரிவிலேஜ் (மெஷின் முழுசையும் கட்டுப்படுத்துற உரிமை) வரைக்கும் போயிட்டாங்க, அதுக்கப்புறம் அந்த லிஸ்ட்ல செக்யூரிட்டி கான்ஃபரன்ஸ் பேப்பரா வந்து குவியுது. சொந்த சைட்டேஷனும் கூட வேல பாத்தவங்க சைட்டேஷனும் மட்டுமே நெறைய இருந்தா அதுவும் அதே க்ளிக்குலயே தெரிஞ்சிடும், ரெண்டு பக்கம் தள்ளுனா போதும்.