காதா, வருஷமா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டரை ஷிப்மென்ட் வரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. டி-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் உடம்புத் துணிக்கும் கழுத்துப் பட்டியான ரிப்புக்கும் நிறம், அதாவது ஷேட், சேரவில்லை. மறுபடி சாயம் போட்டு எடுக்கப் பத்து நாள் ஆகும். சரக்கை வாங்கும் லண்டன் பையரம்மாவிடம் அதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

வீடியோ காலில், "ஷிப்மென்ட் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்று இங்கிலீஷில் இழுத்தேன். "ஐ ஆம் ஆல் இயர்ஸ்" என்றார்.

நம் வாயில் காதும் இயர்தான், வருஷமும் இயர்தான். எல்லா வருஷக் கணக்கையும் கேட்கிறார் போல என்று எக்ஸலைத் திறந்து, மூன்று வருஷ ஷிப்மென்ட்டை வரிசையாகப் படிக்க ஆரம்பித்தேன். அந்தம்மாவும் பாவம், நாலைந்து வரி பொறுத்துப் பார்த்தார். பக்கத்து சீட் அக்காதான் டேபிளுக்கு அடியில் என் காலை மிதித்து, தன் காதை இழுத்துக் காட்டினார்.

'சொல்லுங்க, முழுசாக் கேக்கறேன்' என்பதுதான் அந்த 'ஆல் இயர்ஸ்'. எதிராளி பேச்சைத் தொடங்குமுன் சொல்வது. சாக்கு சொல்லப்போகிறவனிடம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு சொன்னால், 'சரி, உன் கதையையும் கேப்போம்' என்று அர்த்தம் மாறிவிடும். 1634-இல் மேடையேறிய நாடகத்திலேயே ஆங்கிலக் கவிஞர் மில்டன் இதை எழுதியிருக்கிறார், 'ஆல் இயர்' என்று ஒருமையில். உடம்பு மொத்தமும் ஒரே காது!

ஷேக்ஸ்பியரின் ஆண்டனி, சீசரின் பிணத்தை வைத்துக்கொண்டு ரோமானியர்களிடம் கேட்பது 'லெண்ட் மீ யுவர் இயர்ஸ்'. நாம் காது கொடுத்துக் கேட்கிறோம்; அவர்கள் கடனாகத்தான் தருவார்கள் போல.

'கீப் யுவர் இயர் டு தி கிரவுண்ட்' எனக்குப் பிடித்தது. நூல் விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாத நாட்களில் அந்தம்மா அடிக்கடி சொல்வார். மில் பக்கம் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று காதைத் தீட்டி வைத்துக்கொள்ளச் சொல்கிறாராம். அதற்கு டீக்கடையை விட்டால் வேறு இடம் ஏது?

அன்றைய காலுக்கு வருகிறேன். எக்ஸலை மூடிவிட்டு, ஷேட் பிரச்சினையையும் பத்து நாள் கணக்கையும் ஒப்பித்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, மெதுவாக, "ஐ ஹியர் யூ" என்றார். எனக்கு உயிர் வந்தது. மேனேஜர் ரூமுக்கு ஓடி, "சார், ஒத்துக்கிட்டாங்க" என்றேன்.

சாயந்திரம் மெயில் வந்தது. உங்கள் சிரமம் புரிகிறது, தேதி மாறாது, சரக்கை ஏர்ல அனுப்புங்கள், செலவு உங்களுடையது. மேனேஜர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு இப்ப இங்கிலீஷ்லயே சொல்லு."