நல்லூர் இராசதானிக்குப் போகிறவர் எதை எடுத்துப்போக வேண்டும்

பழைய காலத்துக்குப் போய் வாழலாம் என்று யாராவது பேச்செடுத்தால், உடனே வெடிமருந்து, நீராவி இயந்திரம், மின்சாரம் என்று பட்டியல் நீள்கிறது. நல்லூரைத் தலைநகராகக் கொண்டிருந்த யாழ்ப்பாண இராச்சியத்துக்குப் போகிறவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. குடாநாட்டில் உருக்கி எடுக்க இரும்புக்கல் கிடையாது. கிடப்பது சுண்ணாம்புக்கல், விறகுச் சாம்பல், தேங்காயெண்ணெய், உப்பு, பனை. இந்த ஐந்தையும் வைத்து எதைச் செய்ய முடியுமோ அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்தான் அங்கே மதிப்போடு வாழ்வார். திரும்பும்போது கைநிறையக் கொண்டும் வருவார்.

முதலில் ஆண்டு. 1450இல் செண்பகப் பெருமாள் தெற்கேயுள்ள கோட்டை இராச்சியத்தின் அரசனுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்தான். 1467இல் அவன் கோட்டைக்குத் திரும்பிய பிறகே கனகசூரிய சிங்கையாரியன் அரசை மீட்டான். 1519இல் சங்கிலி பட்டத்துக்கு வந்தான்; அவன் காலத்தில் போர்த்துக்கேயரோடு பகை மூண்டது. இடைப்பட்ட காலம், குறிப்பாகப் பரராசசேகரன் ஆண்டதாகக் கொள்ளப்படும் 1478க்குப் பிந்திய ஆண்டுகள், குடியேறப் போகிறவருக்குப் பொருத்தமானவை. கோயிலும் வைத்தியமும் புலவர்களும் அரச ஆதரவில் இருந்த காலம் அது.

போவதற்கு முன் நெருப்புக்காய்ச்சல், ஏற்பு (டெட்டனசு), விசர்நாய்க்கடி, ஈரல் அழற்சி ஆகியவற்றுக்கு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மலேரியாவுக்கு டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று. பெரிய ஆபத்து பெரியம்மை. 1980களின் தொடக்கத்துக்குள் அந்த ஊசி உலகெங்கும் பொதுமக்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டதால், அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பாதுகாப்பே இல்லை. அம்மாள் வருத்தம் பரவியிருக்கிறது என்று கேள்விப்பட்ட ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது: இன்றைய சளிக்காய்ச்சலுக்கு அவர்களிடம் எதிர்ப்பு இல்லை. போய் இறங்கியதும் இரண்டு கிழமை ஆளில்லாக் கரையில் தனித்திருந்துவிட்டு ஊருக்குள் போவது கடமை.

ஊருக்குள் போகும்போது வணிகர் என்று சொல்லாதீர்கள். எந்தப் பட்டினம், யாருடைய மரக்கலம், யாருடைய ஆள் என்று துறையிலேயே கேட்பார்கள். பதில் சொல்ல முடியாது. இராமேசுவரத்துக்கும் கீரிமலைக்கும் போகிற யாத்திரிகர் என்றால் மடத்தில் இடமும் சோறும் கிடைக்கும். கிணற்றை மட்டும் கேட்காமல் தொடாதீர்கள். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம் என்பது சாதியால் தீர்மானிக்கப்பட்ட சமூகம் அது. உங்கள் சாதி தெரியாதவரைக்கும் யாராவது வார்த்துத் தந்தால் குடிக்க வேண்டியதுதான். இது மனதுக்கு ஒவ்வாத ஒன்று. ஆனாலும் முதல் மாதத்தில் அதை எதிர்த்து நின்றால், அடி உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குத் தண்ணீர் தந்தவருக்கும் விழும்.

இரண்டு குறுக்குவழிகளை விட்டுவிடுங்கள். கிரகணத்தை முன்கூட்டிச் சொல்லி மிரட்டுவது ஒன்று. சோதிட நூல் செய்வித்த அரசவை அது. கிரகணம் எந்த நாளில் வரும் என்று அங்கே கணித்து வைத்திருப்பார்கள். இரண்டாவது, இன்று மலிவாகக் கிடைக்கும் வளர்ப்பு முத்தைக் கொண்டுபோய் விற்பது. 1344இல் வந்த மொரோக்கோப் பயணி இபன் பதூதா யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியைப் பார்க்கப் போனபோது, முத்துக்குளிப்பில் எடுத்த முத்துக்களை அதிகாரிகள் அரசன் முன்னிலையில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முத்து அரசனுடைய வருமானம். கடலில் எந்த முத்துப்பாரில் குளித்தது என்று சொல்ல முடியாத, ஒரே அளவான உருண்டை முத்துக்களை வைத்திருப்பவர் திருடன் என்றே பிடிபடுவார்.

செய்ய வேண்டியது சவர்க்காரம். அங்கே உடம்புக்கு அரப்பும் சீயாக்காயும் பயற்றமாவும், துணிக்கு உவர்மண்ணும் சாம்பலும் இருந்தன. அழுக்குப் போக்க அவை போதும். ஆனால் மருத்துவிச்சியின் நகக்கண்ணிலும் நாட்டு வைத்தியரான பரியாரியாரின் விரலிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை நிமிடத்தில் கழற்ற நல்ல சவர்க்காரம் வேண்டும். அதற்கான பொருள் அத்தனையும் குடாநாட்டிலேயே இருக்கிறது.

சாம்பலைத் தெரிவதில்தான் பலர் பிழைவிடுவார்கள். தென்னம்பொச்சுச் சாம்பலில் பொட்டாசியம் நிறைய இருந்தாலும், அதில் பெரும்பங்கு குளோரைட்டாக இருக்கிறது. அது எண்ணெயோடு சேராது. நமக்கு வேண்டியது பொட்டாசியம் காபனேற்று. புளி, வேம்பு போன்ற கடுமரங்களை முழுக்க எரித்த வெள்ளைச் சாம்பலை எடுங்கள். கரி கலந்திருந்தால் அரித்து விடுங்கள். அடியில் ஓட்டை போட்ட பானையில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் சாம்பலை அடைத்து, மழைநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒழுகுவதைப் பிடியுங்கள். அதே நீரைப் புதுச் சாம்பலில் திரும்ப ஊற்றினால் செறிவு ஏறும். கோழிமுட்டை மிதந்து, மேலே ஒரு காசளவு தெரிந்தால் போதும்.

முட்டைச் சோதனையோடு நிறுத்திவிட்டால் சவர்க்காரம் ஆகாது. முட்டை காட்டுவது அடர்த்தியை மட்டுமே. காபனேற்று நீர் எண்ணெயைப் பிளக்காது. அதை ஐதரொட்சைட்டாக மாற்ற வேண்டும். இங்கேதான் நம்முடைய சுண்ணாம்பு கைகொடுக்கிறது. சாம்பல் நீரைக் காய்ச்சி வற்றவைத்தால் கிடைக்கும் உப்பு இரண்டு பங்குக்கு, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. இரண்டையும் தண்ணீரில் கலந்து ஒரு மணித்தியாலம் மெல்லக் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வெள்ளை வண்டல் அடியில் படியும். தெளிந்த நீரில் ஒரு கரண்டி எடுத்துத் தேசிக்காய் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் இன்னும் காபனேற்று மிச்சம். சுண்ணாம்பு சேர்த்துத் திரும்பக் கொதிக்கவையுங்கள். நுரைக்காவிட்டால் காரநீர் தயார். சுண்ணாம்பு புதிதாக நீற்றியதாக இருக்க வேண்டும். நாள்பட்டது காற்றை இழுத்துத் திரும்பவும் கல்லாகியிருக்கும். எவ்வளவு போட்டாலும் வேலை செய்யாது.

ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு 257 கிராம் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு வேண்டும். ஏறத்தாழ 317 கிராம் சுத்தமான பொட்டாசியம் காபனேற்றிலிருந்து அந்த அளவு கிடைக்கும். சாம்பலுப்பு ஒருபோதும் சுத்தமாக இராது; ஆகவே இந்தக் கணக்கை வழிகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள். எண்ணெயை இரும்புத் தாச்சியில் சூடாக்கி, காரநீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கிண்டவேண்டும். பித்தளைப் பாத்திரம் வேண்டாம், அதிலுள்ள துத்தநாகத்தைக் காரம் அரித்துவிடும். முதலில் பாலாக வெளுக்கும், பிறகு களியாகும், கடைசியில் கண்ணாடித்தன்மை வரும். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் எண்ணெய் மிதக்கக் கூடாது. மிதந்தால் காரம் போதாது. நாக்கின் நுனியில் வைத்தால் சுரீர் என்று கடித்தால் காரம் கூடிவிட்டது. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். கிண்டும் அகப்பைக்குக் காம்பு நீளமாக இருக்கட்டும், சிறுபிள்ளைகள் பக்கத்தில் நிற்கவே கூடாது.

இப்படிக் கிடைப்பது குழைவான சவர்க்காரம். கை கழுவ அதுவே நல்லது. கட்டியாக வேண்டுமானால் உப்பிட வேண்டும். ஆனால் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்புநீரிலும் கரையும் இயல்புடையது. அதைப் பிரிக்க உப்பு கரையும் எல்லை வரைக்கும் போடவேண்டி வரும். வண்ணார் எடுக்கும் உவர்மண்ணில் சோடா இருந்தால், அதன் நீரைச் சுண்ணாம்போடு காய்ச்சி நேரடியாகக் கட்டிச் சவர்க்காரம் செய்யலாம். சோடா இருக்கிறதா என்று பார்க்கத் தேசிக்காயை மண்ணில் பிழியாதீர்கள், நம்முடைய மண்ணில் சுண்ணாம்பும் நுரைக்கும். ஊறவைத்து வடித்த தெளிநீரில் பிழியுங்கள். உப்பிலே கரையும் அந்த இயல்புக்கு ஒரு நன்மையும் உண்டு: கடின நீருள்ள நம் கிணற்றடியில் நன்றாக நுரைக்கக்கூடியது தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம்தான்.

முதல் பானை மருத்துவிச்சிக்குப் போகட்டும். பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிக்கப் பின்னால் குளித்து முழுகும் வழக்கம் ஏற்கனவே இருக்கிறது. நீங்கள் கேட்பது, தொடுவதற்கு முன்னாலும் முழங்கை வரை கழுவுங்கள் என்பது மட்டும்தான். இருக்கிற வழக்கத்தை முன்னால் நகர்த்துவது, புதிதாக ஒன்றைப் புகுத்துவதைவிட எளிது. தொப்புள்கொடி வெட்டும் கத்தியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். ஏற்புக் கிருமியின் வித்து கொதிநீருக்குத் தப்பிவிடும், நெருப்புக்குத் தப்பாது. சாணமோ சாம்பலோ தொப்புளில் படவே கூடாது. குழந்தை பிறந்து ஒரு கிழமையில் வாய் இறுகிச் சாவது நின்றால், ஊரில் உங்கள் இடம் யாராலும் அசைக்க முடியாததாகிவிடும்.

வயிற்றோட்டத்துக்குக் கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், தட்டிய தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. அங்கே சீனிக்குப் பதில் பனங்கட்டித் தூள். இனிப்பு மிஞ்சினால் குடல் இன்னும் தண்ணீரை இழுத்து ஓட்டம் கூடும். உப்பு மிஞ்சினால் பிள்ளைக்கு வலிப்பு வரும். கண்ணீரைவிட உவர்க்கக் கூடாது. லீற்றர்ப் போத்தல் ஒன்றும் தேக்கரண்டி ஒன்றும் கொண்டுபோய், அங்குள்ள செம்பிலும் சிரட்டையிலும் அளவுக்கோடு கீறிக் கொடுங்கள். இதை நீங்களே கொடுக்காமல் பரியாரியார் கையால் கொடுக்கச் செய்யுங்கள். அவருடைய தொழிலைப் பறிக்க வந்தவர் என்ற எண்ணம் எழுந்தால் எல்லாக் கதவும் சாத்தப்படும்.

கிணற்று விசயத்தில் ஓர் எச்சரிக்கை. இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்று ஒருபோதும் யோசனை சொல்லாதீர்கள். நம்முடைய நன்னீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருப்பது. நீர்மட்டம் ஓரடி இறங்கினால் கீழேயுள்ள உவர்நீர் ஏறத்தாழ நாற்பது அடி மேலே ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் கீழே உவர்நீருமாக இருப்பதே சாட்சி. துலா மிதித்து அள்ளும் அளவுக்கு அந்த நிலம் தாங்கும். அதே வெடிப்புகளின் வழியாக மலக்கழிவும் விரைவாகக் கிணற்றுக்குள் இறங்கும். வேலியோரம் ஒதுங்கும் இடத்தைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிவைக்கிறார்களோ அவ்வளவு நோய் குறையும். நல்ல கட்டும் மேலே மூடியும் போட்டால் இன்னும் நல்லது.

சாப்பாடு நாக்குக்குச் சோதனையாக இருக்கும். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, கச்சான், பப்பாப்பழம் எல்லாம் அமெரிக்காவிலிருந்து பிறகு வந்தவை. ஒடியற்கூழ் (காயவைத்த பனங்கிழங்கு மாவுக் கூழ்) உண்டு, உறைப்பு மிளகிலும் திப்பிலியிலும் இருந்துதான் வரும். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிவை வடித்து, திரும்பத் திரும்பக் கழுவியே கூழில் இடவேண்டும். கழுவாத மாவு கைப்பு மட்டுமல்ல, உடம்புக்கும் ஆகாது. ஒரு பிடி மிளகாய் விதை கொண்டுபோனால் செம்பாட்டு மண்ணில் ஓரிரு போகத்தில் ஊருக்கே போதும். மரவள்ளியைத் தவிருங்கள். சமைக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் அதன் நஞ்சு உயிரை வாங்கிவிடும்.

பணமாக மாற்றக்கூடிய ஒரேயொரு சாமான் கொண்டுபோகலாம் என்றால் என் தெரிவு வாசிப்புக் கண்ணாடி. நாற்பத்தைந்து வயது தாண்டினால் கிட்டப் பிடித்த ஓலை மங்கும். அதோடு ஏடெழுதுபவரின் தொழில் முடிந்தது. +1.5இலிருந்து +3 வரை இருபது கண்ணாடி, பெட்டி ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தோன்றிய இந்தப் பொருள் நல்லூர்க்காரருக்குப் புதிது. பதிலுக்குக் காசு கேட்காதீர்கள், ஏடு பார்க்க அனுமதி கேளுங்கள்.

செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் அந்த அரசவையின் ஆதரவில் எழுந்தவை. நல்லூரில் சரஸ்வதி மகாலயம் என்றொரு ஏட்டுச்சாலை இருந்ததாக மரபு சொல்கிறது. இன்று நம் கையில் இருப்பவை படிகளின் படிகள். இடையிலே எவ்வளவு விடுபட்டதோ தெரியாத நிலையில், மூல ஏட்டைப் பார்ப்பதற்கு ஈடான இலாபம் வேறில்லை. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் காட்ட மாட்டார்கள், சொல்லுக்கிடையே இடைவெளி இராது. பத்து, நூறு, ஆயிரம் என்னும் எண்கள் ௰, ௱, ௲ என்று வரும். மருந்தளவில் மா, காணி, முந்திரி என்று பின்னங்கள் வரும். மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. இதைப் பிழையாக வாசித்தால் மருந்து நஞ்சாகும். ஆகவே புறப்படுமுன் ஆறு மாதமாவது ஏட்டு வாசிப்புப் பழகுங்கள்.

திரும்பும்போது கொண்டுவருவதற்காக ஏடுகளைப் படம் எடுக்கும்போது, மை பூசாத ஓலையை நேர் வெளிச்சத்தில் பிடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக, காலை வெயில் சாய்ந்து விழும்படி வையுங்கள். கீறிய எழுத்தின் பள்ளம் நிழலாக எழும்பும். இடப்பக்கத்து ஏட்டிலக்கம் ஒவ்வொரு படத்திலும் விழவேண்டும், பின்பக்கத்தையும் உடனேயே எடுக்கவேண்டும். ஓலையை இரண்டு கையாலும் பிடித்து, கயிற்றின் வழியே தள்ளுங்கள். வளைத்தால் துளையில் கிழியும்.