மூவாயிரத்துக்குக் கீழே

பிப்ரவரி 4, ஸ்டுட்கார்ட்

எங்கள் ஆடி ஆர்எஸ்2 வண்டியின் எஞ்சினிலிருந்து சிலிண்டர் ஹெட்டை, அதாவது வால்வுகள் அமர்ந்த மேல்பகுதியை, கழற்றிச் சீர்செய்ய அனுப்பி இன்றோடு பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன.

பிப்ரவரி 5

அண்ணன் மருத்துவமனையிலிருந்து அழைத்தார். தம் உடல்நிலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. டைமிங் பெல்ட்டோடு வாட்டர் பம்பையும் மாற்றச் சொன்னேனா என்று மட்டும் கேட்டார். சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 8

மருத்துவமனையிலிருந்து திரும்புகையில் வேண்டுமென்றே போர்ஷே ஆலை இருக்கும் சூஃபென்ஹவுசன் பகுதி வழியாக வந்தேன். 1994-இல் இங்கோல்ஸ்டாட்டிலிருந்து ஆடி 80 அவாந்தின் உடற்கூடுகள் இங்கே போர்ஷேயின் ரோஸ்லே-பாவ் கூடத்துக்கு வந்து, ஆர்எஸ்2 ஆகப் பூட்டப்பட்டு வெளியேறின. ஆடியின் எஸ்2 காரில் 230 குதிரைத்திறன் தந்த அதே 2.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் எஞ்சினுக்குப் பெரிய டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சுழலி), பெரிய இன்டர்கூலர், புதிய இன்ஜெக்டர்கள், வேறு கேம்ஷாஃப்ட் ஆகியவற்றைக் கொடுத்து அதை 315-க்கு உயர்த்தினார்கள். சக்கரங்களும் பக்கக் கண்ணாடிகளும்கூட போர்ஷேயினுடையவைதாம். பெட்டிகளையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்ல வேண்டிய வண்டியை மணிக்கு 262 கிலோமீட்டர் ஓடச் செய்ய அவர்கள் எடுத்துக்கொண்ட அக்கறையை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது. மொத்தம் 2,891 வண்டிகள். அவற்றுள் ஒன்று எங்கள் கொட்டகையில் வாய் திறந்தபடி நிற்கிறது.

பிப்ரவரி 9

அழைப்பு வரவில்லை.

பிப்ரவரி 11

உறக்கம் வரவில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளுக்குக் கீழே அந்த எஞ்சின் பழையபடி நடந்துகொள்ளுமா என்பதே கவலையாக இருக்கிறது. பெரிய டர்போ சுழன்று எழ நேரம் பிடிக்கும். அதுவரை அது சாதாரணக் குடும்ப வண்டிதான். அதன் பிறகு 410 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் நான்கு சக்கரங்களிலும் ஒருசேர இறங்கும். ஆட்டோகார் இதழின் சோதனையில் மணிக்கு 30 மைலை 1.5 விநாடியில் தொட்டு, அதிவேக விளையாட்டுக் காரான மக்லாரன் எஃப்1-ஐயே முந்தியது என்பதைப் பலரும் சொல்கிறார்கள். ஆனால் அது சுற்றுகளை முன்பே ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டால் கிடைக்கும் கணக்கு. மூன்றாம் கியரில், ஏற்றத்தில், அந்த இழுப்பு வரும் வரை இருக்கும் இடைவெளியை எந்த அட்டவணையும் காட்டாது. அண்ணன் அந்த இடைவெளியில் பேச்சை நிறுத்திவிடுவார்.

பிப்ரவரி 13

ஹெட் வந்துவிட்டது. வால்வு இருக்கைகள் இருபதும் பளிச்சென்றிருக்கின்றன.

பிப்ரவரி 16

மாலையில் எஞ்சின் உயிர் பெற்றது. 1-2-4-5-3 என்ற வரிசையில் எரியும் அந்தத் தாளம் பிசகாமல் ஒலித்தது. கைப்பேசியை பானெட்டின் அருகே பிடித்து அண்ணனைக் கேட்கச் செய்தேன். ஐடிலிங்கில், வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, சிறிய நடுக்கம் இருக்கிறது என்றார் அவர். எனக்குக் கேட்கவில்லை. வெற்றிடக் குழாய்களை நாளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 17

குழாய்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அண்ணன் கைப்பேசியை எடுக்கவில்லை.